இருக்கலாம்

சாமளாபுரம் குளத்தங்கரை வந்ததும்
முதுகுச் சட்டையைப் பிடித்து இழுப்பாள்.
"ஏனுங்க, கேஸைத் திருகுனேன்தானுங்?"
"திருகுனே கண்ணு. நான் பாத்தேன்."
"நெசமாலுமுங்?"
"நெசமா."
"உங்க கண்ணால?"
ஆறு வருசம்.
வண்டியைத் திருப்பிய நாட்களை நான் எண்ணவில்லை,
பெட்ரோல் பங்க்காரனுக்குத் தெரிந்திருக்கும்.

சுகந்தாமணிக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை.
குழந்தைத் துணி. ஊசி ஒடிந்தால்
துண்டையெல்லாம் தேடிப் பொறுக்கி
நோட்டில் டேப் போட்டு ஒட்டினால்தான்
அடுத்த பீஸ் ஓடும்.
முனை மட்டும் கிடைக்காத அன்று
முந்நூறு சட்டையும் டிடெக்டருக்குள் போய் வரும்.
கத்தவில்லையென்றால் முடிந்தது.
"மனசுக்கு அப்படியொரு மெசின் இல்லீங்களே"
என்றாள் ஒரு ராத்திரி,
மூன்றாம் தடவை எழுந்துபோய்த்
தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டு வந்து படுத்தவள்.

கம்பெனியில் நல்ல பேர்.
இவள் பார்த்த பீஸ் திரும்பி வந்ததே இல்லை என்று
கேடயம் கொடுத்தார்கள்.
இவள்தான் திரும்பித் திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

என் அம்மா கயிறு மந்திரித்துக் கட்டினாள்.
அவள் அண்ணன், வேலை பத்தலை என்றான்.
கோயமுத்தூர் டாக்டரம்மா மட்டும்
முழுசாகக் கேட்டுவிட்டு
எண்ணச் சுழற்சி நோய் என்றார்.
மாத்திரை எழுதினார். பத்து நாள் குமட்டும், விட்டுடாதீங்க.
அப்புறம் என் பக்கம் திரும்பி:
"நீங்க சொல்ற பதில்தான் அதுக்குத் தீனி.
இனிமேல் கேட்டா,
இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அவ்வளவுதான்.
வண்டியைத் திருப்பாதீங்க.
பயம் தானா ஏறும், தானா இறங்கும்.
நூத்துக்கு எவ்வளவுன்னு அவங்களே சொல்லட்டும்."

எனக்குக் கோபம்.
தாகத்தில் கேட்பவளுக்குத் தண்ணீர் தராதே என்று சொல்ல
ஐந்நூறு ரூபாயா?
பஸ்ஸில் அவள்தான் சொன்னாள்:
"அது நம்ம போர்த்தண்ணிங்க.
குடிக்கக் குடிக்க..."
மீதியைச் சொல்லாமல் ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டாள்.

முதல் நாள், திங்கட்கிழமை, தூறல்.
குளத்தங்கரை. சட்டை இழுபட்டது.
"கேஸு?"
பார்த்திருந்தேன். என் கண்ணால்தான் பார்த்திருந்தேன்.
"திருகியிருக்கலாம் கண்ணு.
திருகாமயும் இருக்கலாம்."
முதுகில் ஓர் அடி விழுந்தது,
சோத்துப் போசி கனத்தோடு.
"எம்பதுங்."
பூமலூர் தாண்டி, "எம்பத்தஞ்சு.
எறங்குமுன்னாங்களே, ஏறுதுங்களே..."
நான் தறிக்காரன்.
இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போடுவேன்.
அறுந்ததை அப்படியே விட்டு ஓட்ட
யாரும் சொல்லித் தந்ததில்லை.
ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்,
அது தானாகத் திரும்பிவிடும் போலிருந்தது.
மங்கலம் பாலம். நொய்யல் இன்று என்ன நிறம் என்று
இரண்டு பேருமே பார்க்கவில்லை.
"எழுபதுங்."
கம்பெனி கேட்டில் அறுபது.
அறுபதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.
மதியம் வரை போன் இல்லை.
எனக்குத்தான் தறி ஓடவில்லை.

அப்புறம் சில நாள் முப்பது, சில நாள் மறுபடி எண்பது.
பங்குனியில் தங்கச்சி குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது
எல்லாம் மொத்தமாய்த் திரும்பிவந்தது.
நடுராத்திரியில் நானே ஒரு தடவை
"பூட்டியாச்சு சாமி, தூங்கு" என்று சொல்லிவிட்டேன்.
அடுத்த முறை டாக்டரம்மாவிடம் அதைக்
களவு போல ஒப்புக்கொண்டேன்.
சிரித்துவிட்டு மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார்.

இன்றைக்குக் குளத்தங்கரை வந்தது.
சட்டை இழுபடவில்லை.
வண்டி மெதுவானது; மெதுவாக்கியது நான்.
இன்று பூட்டியது நான்தான்.
பூட்டினேனா?
சாவி சட்டைப்பையில் இருக்கிறது,
அது பூட்டியதற்குச் சாட்சி ஆகுமா?
"ஏன் கண்ணு, கதவு..."
பின்னாலிருந்து கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"இருக்கலாமுங்.
நீங்க ஓட்டுங்க,
எட்டரைக்குப் பன்ச் வைக்கோணும்."